ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ரயிலில்: முதல் தடவை போகிறவர்களுக்கு

லண்டனில் இருந்து வியன்னாவுக்கு ரயிலில் போக முடியுமா என்று ஏதாவது ஒரு ஆப்பில் தேடிப் பாருங்கள். நாலு ரயில் காட்டும், அதில் ஒரு ஊரில் பத்து நிமிடத்துக்குள் இறங்கி ஏற வேண்டியிருக்கும், பாதித் தூரத்துக்கு விலை வரும், மீதித் தூரத்துக்கு விலையே வராது. அதைப் பார்த்ததும் பலர் விமான டிக்கெட் பக்கம் போய்விடுகிறார்கள். ஆனால் ரயிலில் உட்கார்ந்து போவதில் எந்தச் சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் ஒரு ரயிலை விட்டு இன்னொரு ரயிலுக்கு மாறுகிற இடத்தில்தான். அந்த இடங்களைக் குறைத்து, தவிர்க்க முடியாத இடத்தில் தாராளமாக நேரம் விட்டால், ஊரில் இருந்து வந்திருக்கும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டுகூட நாலு நாடு தாண்டிப் போய்வரலாம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ரயிலைத் தேடும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் உள்ளே நுழைந்து நாடு விட்டு நாடு போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஷெங்கன் நாடுகள் இப்போது 29. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழி எல்லைகளிலும் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. பிரிட்டன், அயர்லாந்து, செர்பியா, பொஸ்னியா எல்லாம் வெளியே. இது ஏன் முக்கியம் என்றால், இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு நுழைவுக்கான ஷெங்கன் விசாவோடு பாரிஸில் இறங்கியவர், லண்டன் இரண்டே கால் மணி நேரம்தானே, ஒரு எட்டு போய்வந்துவிடலாம் என்று கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏறினால் அந்த ஒரு நுழைவு அதோடு முடிந்துவிடும், திரும்ப பாரிஸுக்குள் வர முடியாது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பது வேறு. ஆகவே பயணத்தில் லண்டன் இருக்கிறது என்றால் விசா விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள், அல்லது லண்டனைப் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு, ஜெர்மன், சுவிஸ் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2025 ஏப்ரல் 2 முதல் பிரிட்டனுக்குள் போக ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும், வெறும் தேசிய அடையாள அட்டை போதாது, பாஸ்போர்ட் வேண்டும். அகதிகளுக்கான பயண ஆவணம் வைத்திருப்பவர்கள் பிரிட்டிஷ் விசா விதியைத் தனியாகச் சரிபார்க்காமல் டிக்கெட் வாங்கவே வேண்டாம்.

ஷெங்கனுக்குள்ளே எல்லை தாண்டுவது பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஜன்னலுக்கு வெளியே ஊர்ப் பலகைகளின் மொழி மாறும், அவ்வளவுதான். அதற்காக அடையாள ஆவணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது, போலீஸ் ரயிலுக்குள்ளேயே ஏறிப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் மேலே லக்கேஜில் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும்.

அசைக்க முடியாத ரயிலை முதலில் பிடியுங்கள்

பெரும்பாலானோர் புறப்படும் ஊரில் தொடங்கி வரிசையாக டிக்கெட் போடுவார்கள். நான் சொல்வது நேர்மாறு. உங்கள் வழியில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் ஓடுகிற ரயில், அல்லது சீட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிற ரயில் எது என்று முதலில் பாருங்கள். அது இரவு ரயிலாக இருக்கலாம், பாரிஸ்–பார்சிலோனா டி.ஜி.வி.யாக (பிரான்சின் அதிவேக ரயில்) இருக்கலாம், 2024 டிசம்பரில் தொடங்கிய பாரிஸ்–பெர்லின் நேரடிப் பகல் ரயிலாக இருக்கலாம். அதை முதலில் முடிவு செய்துவிட்டு, மணிக்கு ஒன்று ஓடுகிற ரயில்களை அதற்கு முன்னும் பின்னும் பொருத்துங்கள். சூரிச்–பெர்ன், மியூனிக்–சால்ஸ்பர்க் மாதிரி இடங்களில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வந்துவிடும். ஆகவே அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது? விலைக்காக இல்லாமல் நேரத்துக்காக மட்டும் என்றால் ஜெர்மன் ரயில்வேயின் தளம் அல்லது அதன் டி.பி. நேவிகேட்டர் ஆப் போதும். ஜெர்மனி வழியாகப் போகாத பயணத்துக்கும், ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு நேர அட்டவணை அதில் இருக்கிறது. அதில் பலர் கவனிக்காத இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, மாறுவதற்குக் குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம். அதை எப்போதும் அரை மணி நேரமோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள், பயமுறுத்துகிற வழிகள் எல்லாம் தானாக மறைந்துவிடும். இன்னொன்று, இந்த ஊர் வழியாக, அங்கே இத்தனை மணி நேரம் தங்கி என்று கேட்கலாம். கொலோனில் நாலு மணி நேரம் தங்கிப் போகிற பயணத்துக்கு ஒரே டிக்கெட் கிடைக்கிற வழி அது.

நேரம் காட்டுகிறது, விலை காட்டவில்லை என்றால் ரயில் இல்லை என்று அர்த்தம் இல்லை, அந்த டிக்கெட்டை அவர்களால் விற்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். அந்த ரயிலை ஓட்டுகிற நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள்: பிரான்சுக்கு எஸ்.என்.சி.எஃப்., ஆஸ்திரியாவுக்கும் நைட்ஜெட் இரவு ரயில்களுக்கும் ஓ.பி.பி., இத்தாலிக்கு ட்ரெனிடாலியா, ஸ்பெயினுக்கு ரென்ஃபே. ட்ரெயின்லைன், ஆமியோ மாதிரி இடைத் தளங்கள் பல நிறுவனங்களின் டிக்கெட்டை ஒரே இடத்தில் வாங்க வசதியானவை. ஆனால் ஒரே பில்லில் வந்தாலே ஒரே டிக்கெட் ஆகிவிடாது, இதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐரோப்பா முழுக்க ரயில் நேர அட்டவணை ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் இரண்டாவது சனி கழிந்த இரவில் மாறும். அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கோடையிலேயே தேடினால் பல ரயில்கள் காட்டாது, பதறாதீர்கள், இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு வரும். சாதாரண நாட்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்னால் பார்க்கத் தொடங்கினால் மலிவான டிக்கெட் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே மாற்றத்தில் ரயில்கள் நின்றும் போகும். பாரிஸ்–வியன்னா நேரடி நைட்ஜெட் 2021 டிசம்பரில் வந்தது, பிரெஞ்சு அரசின் மானியம் நின்றதால் 2025 டிசம்பரில் போய்விட்டது. போன வருடம் போனவர் சொன்ன வழியை அப்படியே நம்பாமல் உங்கள் தேதிக்கு ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் இப்போது முக்கியமான பாதைகளை மாதக்கணக்கில் மூடிப் புதுப்பிக்கிறார்கள் (ஹம்பர்க்–பெர்லின் பாதை 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது), அப்போதெல்லாம் ரயில் சுற்றிப் போகும், நேரம் கூடும்.

லண்டன்–வியன்னா: ஒரு கணக்கு

இப்போது அந்த வழியை உட்கார்ந்து போடுவோம். இதில் அசைக்க முடியாத ரயில் சூரிச்சில் இருந்து வியன்னா போகும் நைட்ஜெட். இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் புறப்பட்டு மறுநாள் காலை வியன்னாவில் விடும். படுக்கை வேண்டுமானால் முதலில் அதைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து பாரிஸ்–சூரிச். டி.ஜி.வி. லிரியா என்ற ரயில், பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில் இருந்து நாலு மணி நேரம் சொச்சம். சூரிச்சில் மாலை ஆறு, ஆறரைக்குள் இறங்குகிற மாதிரி எடுத்தால் நைட்ஜெட்டுக்கு மூன்று மணி நேரம் இருக்கும். அந்த ரயில் தாமதமானாலும், ரத்தாகி அடுத்ததில் வந்தாலும்கூட இரவு ரயிலைப் பிடித்துவிடலாம், அதுதான் இந்த இடைவெளியின் நோக்கம். சும்மா உட்கார வேண்டியதும் இல்லை, சூரிச் நிலையத்தின் அடியில் இருக்கும் கடைகள் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், வெளியே பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் ஏரி.

கடைசியாக லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார். இது கார் து நோர் நிலையத்தில் வந்து நிற்கும், லிரியா கார் து லியோனில் இருந்து போகும். இரண்டுக்கும் நடுவில் ஆர்.ஈ.ஆர். டி என்ற நகர ரயில்: ஏறி இரண்டாவது நிறுத்தம். வண்டிக்குள் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் இறங்கி, டிக்கெட் இயந்திர வரிசையில் நின்று, பெட்டியோடு படியேறி, கூட்டத்தில் நுழைந்து போவதற்கெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகிவிடும். முதல் தடவை என்றால் இரண்டு மணி நேரம் விடுங்கள். மூன்று விட்டால் இன்னும் நல்லது. கார் து நோரில் லாக்கர் இருக்கிறது, பெட்டியைப் போட்டுவிட்டு ஃபோபூர் சான் டெனி தெருவில் வடக்கே கொஞ்சம் நடந்தால் லா சப்பல். தமிழ்க் கடைகள், தோசை, கொத்து ரொட்டி, வழிக்கு வேண்டிய வடை எல்லாம் அங்கேயே கிடைக்கும். ரயில் மாறுகிற நேரத்தை இதைவிட நன்றாகச் செலவிட முடியாது என்பது என் எண்ணம்.

பாரிஸில் நிலையம் மாறுவதே வேண்டாம் என்கிறவர்களுக்கு லில் யூரோப் நிலையம் இருக்கிறது. லண்டனில் இருந்து யூரோஸ்டாரில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கே இறங்கி அதே நிலையத்தில் லியோன், மார்சேய் பக்கம் போகும் டி.ஜி.வி. ஏறலாம். ஜெர்மனி, நெதர்லாந்து போகிறவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் மிடி அதே மாதிரி, எல்லாம் ஒரே கூரையின் கீழ். வழி தேர்ந்தெடுக்கும்போது மொத்தப் பயண நேரம் அரை மணி கூடினாலும் ஒரே நிலையத்தில் மாறுகிற வழியையே எடுங்கள்.

எந்த இடத்திலும் அன்றைய கடைசி ரயிலை இணைப்பாக வைக்காதீர்கள். அதற்கு முந்தையதை எடுத்தால் தவறினாலும் இன்னொன்று மிச்சம் இருக்கும். ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர ரயில்களில் 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தை நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு வைத்து. சுவிஸ்காரர்கள் தங்கள் அட்டவணை குலையாமல் இருக்க, மிகவும் தாமதமாக வரும் ஜெர்மன் ரயில்களை எல்லை ஊரான பாசலிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. நீங்கள் இறங்கி சுவிஸ் ரயிலில் தொடர வேண்டும். அதனால் ஜெர்மனி வழியாக வருகிற பாதையில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை முக்கியமான ரயிலுக்கு முன்னால் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒன்றரை நாள் பயணம் என்றால் நடுவில் ஒரு ஊரில் இரவு தங்கிவிடுவது எல்லாவற்றையும்விடச் சுகம், குழந்தைகளோடு போகும்போது அதைத்தான் சொல்வேன்.

பாஸா, தனி டிக்கெட்டா

பாஸ் என்பது பல நாட்டு ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் போக ஒரே சீட்டு. அதில் இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு, யூரெயில் வெளியில் இருந்து வருபவர்களுக்கு. குடியுரிமையைப் பார்ப்பதில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. சென்னையில் இருந்து வரும் அக்கா யூரெயில் எடுக்க வேண்டும், லண்டனில் இருக்கும் தம்பி இன்டர்ரெயில் எடுக்க வேண்டும், இரண்டும் 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரை இளையோர் விலை, 60 ஆகிவிட்டால் மூத்தோர் விலை, 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவரோடு இலவசம், ஆனால் அவர்களுக்கும் பாஸ் பதிந்திருக்க வேண்டும்.

பாஸ் வாங்கிவிட்டால் எல்லா ரயிலிலும் ஏறி உட்காரலாம் என்று நினைப்பதில்தான் பலருக்கும் செலவு எகிறுகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் பெரும்பாலான பகல் ரயில்களில் அப்படியே ஏறலாம். பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சா ரயில்கள், ஸ்பெயினின் ஏ.வி.ஈ. மாதிரி அதிவேக ரயில்கள், யூரோஸ்டார், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் சீட் பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். லண்டன் யூரோஸ்டாருக்கு அது 30 யூரோவை ஒட்டி வரும், பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட்டும் கொஞ்சம்தான், சனி ஞாயிறுகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். மத்திய ஐரோப்பாவில் அங்கே இங்கே என்று சுற்றுகிறவருக்குப் பாஸ் லாபம். பாரிஸ்–மிலான்–ரோம் என்று இரண்டு மூன்று ஊர் மட்டும், தேதியும் முடிவாகிவிட்டது என்றால் முன்கூட்டி வாங்கும் தனி டிக்கெட்தான் மலிவு.

பாஸில் ஒரு நல்ல விதி இரவு ரயிலுக்கு இருக்கிறது. புறப்படுகிற தேதி மட்டும்தான் பயண நாளாகக் கழியும், நள்ளிரவுக்குப் பின் வேறு ரயில் மாறாதவரை. மேலே சொன்ன லண்டன்–பாரிஸ்–சூரிச்–வியன்னா முழுவதும் ஒரே பயண நாளில் முடிந்துவிடும். இன்டர்ரெயில்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சொந்த நாட்டுக்குள் பாஸ் செல்வது வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் மட்டும்.

இரவு ரயிலில் என்ன எடுப்பது

மூன்று வகை. சீட், குஷெட், ஸ்லீப்பர். இரவு முழுக்க சீட்டில் உட்கார்ந்து போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மிச்சம் பிடித்த காசு மறுநாள் தூக்கத்தில் போய்விடும். குஷெட் என்பது நம் ஊர் த்ரீ டயர் ஏசியின் ஒரு தடுப்புக்குக் கதவு போட்டுப் பூட்டினால் எப்படியோ அப்படி: பக்கத்துக்கு மூன்றாக ஆறு படுக்கை, அல்லது பக்கத்துக்கு இரண்டாக நாலு. விரிப்பும் தலையணையும் கொடுப்பார்கள். நாலு பேர் குடும்பம் என்றால் முழு அறையையும் எடுத்துவிடலாம், தனியாகப் போகும் பெண்கள் பதிவு செய்யும்போதே பெண்களுக்கு மட்டுமான அறையைக் கேட்கலாம். ஸ்லீப்பரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை, அறைக்குள்ளேயே கை கழுவும் தொட்டி, சிலவற்றில் குளியலறையும் உண்டு, காலைச் சாப்பாடு வரும். 2023 டிசம்பரில் வியன்னா–ஹம்பர்க் வழியில் தொடங்கிய புது நைட்ஜெட் வண்டிகளில் ஒருவர் மட்டும் படுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் சின்ன அறைகளும் இருக்கின்றன, தனியாகப் போகிறவர்களுக்கு அருமையானவை, ஆனால் உயரமானவர்களுக்கு நெருக்கம்.

ஏறும்போது பெட்டி எண்ணைக் கட்டாயம் பாருங்கள். ஒரே இரவு ரயிலில் இரண்டு மூன்று ஊர்களுக்கான பெட்டிகள் ஒன்றாகக் கிளம்பி நடுராத்திரியில் பிரிந்து போவது சகஜம்.

நிலையத்தில்

ஜெர்மனியில் பகல் ரயில்களும் பிரியும். பெர்லினில் இருந்து வரும் ஐ.சி.ஈ. அதிவேக ரயில் பல நேரம் இரண்டு வண்டிகள் சேர்ந்து வந்து ஹம் நிலையத்தில் பிரிகிறது. வழக்கமாக ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டூசல்டோர்ஃப் பக்கம், இன்னொரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோன் பக்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ளே நடந்து போக வழி கிடையாது. ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகிறவர்கள் எதில் ஏறினாலும் ஹம்மில் இறங்கிவிடலாம், அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏற வேண்டும்.

ஜெர்மன் நடைமேடைகளில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று ஆப்பிலும் மேலே உள்ள திரையிலும் காட்டும். ரயில் வருவதற்கு முன்பே அங்கே போய் நில்லுங்கள், பெரிய பெட்டியோடு வண்டிக்குள்ளே ஆறு பெட்டி தாண்டி நடப்பது மகா கஷ்டம். ஐ.சி.ஈ.யில் சீட் பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் எல்லை தாண்டும் பயணத்துக்குப் பதிந்துகொள்வது நல்லது. பதிந்த சீட்டுக்கு ரயில் கிளம்பிய கால் மணிக்குள் போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். பதியாதவர்கள் சீட்டுக்கு மேலே உள்ள சின்னத் திரையைப் பாருங்கள்: கொலோன்–ஃப்ராங்ஃபர்ட் என்று எழுதியிருந்தால் அந்தத் தூரத்துக்குத்தான் வேறொருவருக்குச் சொந்தம், ஃப்ராங்ஃபர்ட்டுக்குப் பிறகு நீங்கள் உட்காரலாம்.

பிரான்சில் பழக்கம் வேறு. நடைமேடை எண் ரயில் கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் வரும், எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், வந்ததும் ஒன்றாக நகர்வார்கள். கதவு புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். ஸ்பெயினில் ஏ.வி.ஈ. ஏறும் முன் லக்கேஜை ஸ்கேன் செய்வார்கள், அரை மணி நேரம் முன்னால் போங்கள். லண்டனில் யூரோஸ்டாருக்கு விமான நிலையம் போலவே சோதனையும் பாஸ்போர்ட் கட்டுப்பாடும் உண்டு. 2025 அக்டோபரில் தொடங்கிய புது எல்லைப் பதிவு முறையில் ஐரோப்பியக் குடியுரிமையோ குடியிருப்பு அட்டையோ இல்லாதவர்களிடம் விரல் ரேகையும் படமும் எடுக்கிறார்கள், அதனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் உள்ளூர் ரயில்களுக்கு வாங்கும் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம்.

ஊர்ப் பெயர்கள் பலகைகளில் மாறிமாறி வரும். பிரஸ்ஸல்ஸ் மிடிக்கு இன்னொரு பெயர் ஸவுட், லியேஜை லூயிக் என்றும் எழுதியிருக்கும், வியன்னா வீன், வெனிஸ் வெனெட்ஸியா. வெனிஸ் போகிறவர்கள் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள், தண்ணீருக்குள் இருக்கும் ஊருக்குக் கடைசி நிறுத்தம் சாந்தா லுசியா.

பெட்டியும் சாப்பாடும்

எடை பார்க்க மாட்டார்கள், ஆனால் எல்லாவற்றையும் நீங்கள்தான் தூக்க வேண்டும். ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகிற 30 கிலோ பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு முதுகுப்பை, அதற்கு மேல் வேண்டாம். பழைய வண்டிகளில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே செங்குத்தான இரண்டு மூன்று படி இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். சக்கர நாற்காலியும் ஏற்றிவிடும் உதவியும் இலவசம், ரயில் நிறுவனத்திடம் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், மாறுகிற ஒவ்வொரு நிலையத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரயிலுக்குள் சொந்தச் சாப்பாடு சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிரிட்டனில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது, 2025 ஏப்ரல் முதல் மறுபக்கமும் அதே தடை. கோழிப் பிரட்டலும் தயிர்ச்சாதமும் அந்தக் கணக்கில் வந்துவிடும். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், இட்லிப் பொடி தடவிய இட்லி இவற்றுக்குப் பிரச்சினை இல்லை, இரண்டு வேளைக்குக் கெடாமலும் இருக்கும். தண்ணீருக்கு விமானத்தில் போல 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. காலி பாட்டில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், எந்த ரயில் கழிப்பறையிலும் காகிதம் மட்டும்தான். நிலையக் கழிப்பறைகளுக்கு ஒரு யூரோ சில்லறையும் கையில் இருக்கட்டும்.

டிக்கெட்டுகளைப் போனில் படமாகவும் சேமியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் பல திட்டங்களில் சுவிட்சர்லாந்துக்குச் செல்லாது, எல்லை தாண்டியதும் ஆப் திறக்காமல் போகலாம்.

தாமதம் ஆனால்

ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பது இங்கேதான் பேசும். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் ரயில் தாமதமாகி இணைப்பைத் தவறவிட்டாலும் உங்களை ஊர் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சேரும் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் ஆகும் என்று தெரிந்தால், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதா வேறு ரயிலில் தொடர்வதா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். தாமதம் 60 முதல் 119 நிமிடம் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதம் இழப்பீடு. கடும் புயல், வெள்ளம் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி இது. மாற்று வழி என்னவென்று 100 நிமிடத்துக்குள் அவர்கள் சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயில் அல்லது பஸ் டிக்கெட் வாங்கி, நியாயமான செலவைத் திரும்பக் கேட்கலாம்.

தனித்தனி டிக்கெட் என்றால் இந்த உரிமை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி. ஆனாலும் கைவிட்டுவிட மாட்டார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ், பிரான்ஸ், இத்தாலி உட்படப் பல நாட்டு ரயில்வேக்கள் தங்களுக்குள் ஏ.ஜே.சி. என்று ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. முந்தைய ரயிலின் தாமதத்தால் இணைப்புத் தவறினால் அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில் இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். இது சட்டப்படியான உரிமை இல்லை, நல்லெண்ணம். அதனால் தாமதமான ரயிலில் இருக்கும்போதே கண்டக்டரிடம் தாமதத்துக்குச் சான்று எழுதி வாங்குங்கள், இறங்கியதும் நேரே தகவல் மையத்துக்குப் போங்கள், அடுத்த ரயிலில் ஏறும் முன் அதன் கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மணிக்கு ஒன்று ஓடும் ரயிலில் இது எளிது. கட்டாயப் பதிவு உள்ள டி.ஜி.வி.யில் இடம் இருப்பதைப் பொறுத்தது.

ஜெர்மனியின் மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரே ரயிலுக்குத்தான் செல்லும், ஆனால் சேரும் ஊருக்கு இருபது நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் ஆகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் போகலாம்.

வேலைநிறுத்தங்களுக்கு பிரான்சும் இத்தாலியும் பெயர் போனவை. பிரான்சில் முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு மறுநாள் ஓடும் ரயில்களை அறிவித்துவிடுவார்கள். இத்தாலியில் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இந்த இரண்டு நாட்டுச் செய்திகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இழப்பீட்டுப் படிவத்தை மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், டிக்கெட்டையும் கண்டக்டர் எழுதிக் கொடுத்த சான்றையும் படம் எடுத்து வைத்திருந்தால் வீட்டில் இருந்தே இணையத்தில் முடித்துவிடலாம்.